சானிடைசருக்குச் சாகாத கிருமி வீட்டுக்கு வந்திருக்கிறது. என்ன செய்வது?

வளவுவாசல் | செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கானாடுகாத்தான் பக்கம். எனக்குப் பெங்களூரில் வேலை. ஆத்தாவுக்காக லீவு போட்டு வந்திருக்கிறேன்.

ஆத்தாவுக்கு 74 வயது. போன மாதம் பின்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கால் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டிபயாடிக் ஊசி, மாத்திரை என்று பன்னிரண்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. "சாப்பாடு மாறினதுல அப்படி இருக்கும்" என்று இரண்டு நாள் தள்ளினார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் போய், காய்ச்சலும் வந்த பிறகுதான் மலத்தைப் பரிசோதித்தார்கள். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்று வந்தது. வான்கோமைசின் ஊசி மருந்தையே தண்ணீரில் கரைத்து, நாளைக்கு நான்கு வேளை வாயில் கொடுக்கிறோம். இன்னும் ஏழு நாள் பாக்கி. போக்கு பாதியாகக் குறைந்திருக்கிறது.

டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி: "கையை சோப்புப் போட்டுக் கழுவவும். சானிடைசர் போதாது." ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் பாட்டில் தொங்கியது. நானும் நாளைக்கு ஐம்பது தடவை தேய்த்திருப்பேன். அத்தனையும் வீண்தானா?

வீடு பெரியது. ஆத்தா இருப்பது இரண்டாங்கட்டு அறையில். அங்கிருந்து கழிப்பறை வரைக்கும் ஆத்தங்குடிக் கல் தரை. அடுத்த வாரம் தங்கச்சி ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வருகிறாள். வரச்சொல்லலாமா, வேண்டாமா?

பள்ளத்தூரான் | செவ்வாய், இரவு 11.05

99.9 சதவீதம் கொல்லும் என்று பாட்டில் மேலேயே போட்டிருக்கிறதே தம்பி. கொரோனாவில் அதைத்தானே லிட்டர் கணக்கில் வாங்கித் தேய்த்தோம். ஆஸ்பத்திரியில் சுத்தம் போதாமல் வந்ததை உங்கள் கை மேல் தூக்கிப் போடுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நுண்ணோக்கி | புதன், காலை 6.20

பள்ளத்தூர் அண்ணே, பாட்டிலில் இருப்பது பொய்யில்லை. ஆனால் அந்த 99.9 கணக்கில் ஸ்போர், அதாவது கிருமி உறங்கிக் கிடக்கிற வித்து, சேராது. தேவகோட்டைக்காரன் நான், நுண்ணுயிரியல் பாடம் எடுப்பவன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிருமிக்கு இரண்டு வாழ்க்கை. குடலுக்குள் இருக்கும்போது சாதாரண பாக்டீரியாதான்: தின்னும், பெருகும், இரண்டு விதமான நச்சை உண்டாக்கிக் குடல் சுவரைப் புண்ணாக்கும். ஆனால் பிராணவாயு பட்டால் செத்துப்போகிற ஜாதி. ஆத்தாவின் உடம்பிலிருந்து வெளியே விழுந்தால் அதற்குக் கதை முடிந்தது. அப்படியிருந்தும் கட்டில் கம்பியிலும் கதவுக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் கிடக்கிறதே, எப்படி? அதுதான் ஸ்போர். ஸ்போர் உண்டாக்க முடியாதபடி மரபணுவைக் கெடுத்த கிருமியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு எலிக்கு நோய் வந்தது, பக்கத்து எலிக்குத் தொற்றவில்லை.

ஸ்போர் உண்டாகும் விதம் விசித்திரமானது. இரை குறையும்போது பாக்டீரியா தனக்குள் ஒரு ஓரமாகச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும். சமபாகம் இல்லை: ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெரியது சின்னதை அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய பிறகு அதைச் செரிப்பதில்லை, அதைச் சுற்றி உறை மேல் உறையாகக் கட்டும். முதலில் தடித்த ஒரு சர்க்கரைப் புரதச் சுவர், அதற்கு மேல் புரத ஓடு, இந்தக் கிருமிக்கு அதற்கும் வெளியே இன்னொரு போர்வை. உள்ளே இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் வெளியேறிவிடும். அந்த இடத்தில் கால்சியமும் டிப்பிகோலினிக் அமிலமும் அடைந்துகொள்ளும். டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னப் புரதங்கள் சுற்றிக் கட்டிவிடும். வேலை முடிந்ததும் பெரிய செல் வெடித்துச் சாகும், ஸ்போர் வெளியே விழும்.

இனி ஆல்கஹாலுக்கு வருவோம். அது பாக்டீரியாவின் சவ்வைக் கரைத்து உள்ளே இருக்கும் புரதத்தை உருக்குலைத்துக் கொல்கிறது. ஸ்போரின் ஓட்டைத் தாண்டி அதனால் போக முடியாது. இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். லேபில் மலத்திலிருந்து இந்தக் கிருமியைப் பிரிக்க வேண்டுமென்றால் மாதிரியை ஆல்கஹாலில்தான் ஊறவைப்போம். மற்றதெல்லாம் செத்துவிடும், ஸ்போர் மட்டும் மிஞ்சும். அதை எடுத்துத் தட்டில் போட்டு வளர்ப்போம். தம்பி, வார்டில் நீங்கள் ஐம்பது தடவை உங்கள் கையில் செய்தது ஏறக்குறைய அதேதான்.

வளவுவாசல் | புதன், காலை 7.02

கடைசி வரியைப் படித்ததும் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

பள்ளத்தூரான் | புதன், காலை 7.30

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இதுதான் பேப்பரில் போடுகிற 'மருந்துக்கு மசியாத கிருமி'யா?

நுண்ணோக்கி | புதன், காலை 8.10

இரண்டும் வேறு அண்ணே, பல பேர் குழப்பிக்கொள்வது இங்கேதான். மருந்துக்கு மசியாத கிருமி என்பது மருந்தை எதிர்த்து ஏதாவது செய்யும்: உடைக்கும், வெளியே துப்பும், மருந்து பிடிக்கிற இடத்தையே மாற்றிக்கொள்ளும். ஸ்போர் எதுவுமே செய்வதில்லை. ஆண்டிபயாடிக்குகள் ஓடுகிற வேலையைத்தான் நிறுத்தும், சுவர் கட்டுவதை, புரதம் செய்வதை. ஸ்போருக்குள் எந்த வேலையும் ஓடவில்லை, நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? வான்கோமைசின் குடித்து முடித்த பிறகும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்ப வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மருந்து வளர்கிறதைக் கொன்றுவிடும், குடலில் கிடக்கிற ஸ்போர் தப்பிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காளான், பூஞ்சையின் ஸ்போர் இனப்பெருக்கத்துக்கானது, ஒன்றிலிருந்து லட்சக்கணக்கில் வரும். பாக்டீரியாவில் ஒரு செல்லுக்கு ஒரே ஸ்போர். அதனால் எண்ணிக்கை கூடாது, பிழைத்துக் கிடக்க மட்டுமே அது.

கந்தரப்பம் | புதன், காலை 10.15

நம்ம ஊர் பூட்டின வீடு மாதிரி என்று சொல்லுங்கள். பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முகப்பில் பூட்டு, பட்டாலையில் வௌவால். உள்ளே சாமான் செட்டு எல்லாம் அப்படி அப்படியே. கல்யாணம், படைப்பு என்றால் ஒரே நாளில் திறந்து, கோலம் போட்டு, அடுப்பு மூட்டிவிடுவோம். இந்தக் கிருமிக்கு யார் வந்து கதவைத் திறக்கிறார்கள்?

நுண்ணோக்கி | புதன், மதியம் 1.40

ஆச்சி, பாடத்தில் நான் அரை மணி நேரம் சொல்வதை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். பங்காளி வீட்டில் ஆளுக்கொரு சாவி இருக்கும் இல்லையா, அதே மாதிரி இங்கேயும் இரண்டு சாவி வேண்டும். ஒன்று பித்த உப்பு. கல்லீரல் சுரக்கிற டாரோகோலேட் என்ற உப்பு அதில் முக்கியம். இன்னொன்று கிளைசின் என்ற அமினோ அமிலம். இரண்டும் சேர்ந்து பட்டால் ஸ்போரின் உள்ளே ஏற்கெனவே வைத்துக் கட்டியிருந்த நொதிகள் விழித்து, தடித்த சுவரை அறுக்கும். டிப்பிகோலினிக் அமிலம் வெளியே போகும், தண்ணீர் உள்ளே வரும், வேலை தொடங்கிவிடும்.

பித்தம் எல்லார் வயிற்றிலும் இருக்கிறதே, ஏன் எல்லாருக்கும் இந்த நோய் வரவில்லை என்று கேட்பீர்கள். பெருங்குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களில் சில, அந்தப் பித்த உப்பை வேறு உப்பாக மாற்றிவிடும். மாறிய உப்பில் ஸ்போர் விழித்துக்கொண்டாலும் வளர முடியாது. கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இதற்குத் தூரத்து உறவுக்காரன்தான், இந்த வேலையில் கெட்டிக்காரன். இருக்கிற இரையையும் இவர்களே தின்றுவிடுவார்கள். ஆண்டிபயாடிக் போட்டால் இவர்களும் சேர்ந்து காலி. சாவி மாறாமல் அப்படியே பெருங்குடல் வரைக்கும் வருகிறது, சோறும் மிச்சம் இருக்கிறது, கேட்க ஆளில்லை. கிளிண்டமைசின், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை, இவற்றுக்கு இந்த விஷயத்தில் பெயர் கெட்டிருக்கிறது. 1970களில் கிளிண்டமைசின் சாப்பிட்டவர்களுக்குக் குடலில் மஞ்சள் சவ்வு படிந்து வயிற்றுப்போக்கு வந்தது. 1978இல்தான் அதற்குக் காரணம் இந்தக் கிருமி என்று பிடித்தார்கள்.

அதனால் ஆச்சி, உங்கள் உவமையை ஒரு இடத்தில் மாற்றிக்கொள்கிறேன். ஆளில்லாத வீடு ஸ்போர் இல்லை. ஆண்டிபயாடிக் முடிந்த ஆத்தாவின் குடல்தான் ஆளில்லாத வீடு. ஸ்போர் திண்ணையில் படுத்துக் காத்துக்கொண்டிருந்தவன்.

கந்தரப்பம் | புதன், மதியம் 2.05

அப்ப நம்ம தெருவில் பாதி வீட்டுக்கு வியாதி என்று சொல்கிறீர்கள்.

பள்ளத்தூரான் | புதன், மாலை 4.30

ஆண்டிபயாடிக்கே போடாமல் விட்டிருந்தால்?

வார்டு அக்கா | புதன், மாலை 6.50

விட்டிருந்தால் இடுப்பில் வைத்த பிளேட்டில் சீழ் பிடித்திருக்கலாம் அண்ணே, அது இதைவிடக் கொடுமை. போடுவதில் தப்பில்லை, எத்தனை நாள் என்பதில்தான் விஷயம். ஆபரேஷனுக்கு முன் தடுப்பாகப் போடுவதைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் நிறுத்திவிடலாம். ஆத்தாவுக்குப் பன்னிரண்டு நாள் எதற்கு என்று அந்த டாக்டரிடம் கேளுங்கள், காரணம் இருந்திருக்கலாம். அதோடு ஆத்தா தினம் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார்களா பாருங்கள். அமிலத்தைக் குறைக்கிற அந்த மாத்திரைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. தேவையில்லாவிட்டால் டாக்டரே நிறுத்திவிடுவார்.

நான் இருபது வருஷம் வார்டில் நின்றவள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். தனி அறை இரண்டே இரண்டு, அதில் எப்போதும் டிபி ஆட்கள். இந்த நோயாளியைப் பொது வார்டில் ஓரத்துக் கட்டிலில் போட்டுத் திரை இழுத்துவிடுவோம். அந்தத் திரையை எத்தனை பேர் கை தொடும்? கூட இருக்கிற அட்டெண்டர் அம்மா அதே கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். பொட்டலத்தை அங்கேயே பிரித்து இட்லி சாப்பிடுவாள். கழிப்பறை பதினெட்டுப் பேருக்கு ஒன்று. சானிடைசர் பாட்டில் மட்டும் கட்டிலுக்கு ஒன்று இருக்கும். படித்தால் சிரிப்பு வரும், நின்று பார்த்தால் வராது.

தம்பிக்குச் சொல்கிறேன். சோப்பு ஸ்போரைக் கொல்லாது. வழுக்கிவிட்டுத் தண்ணீரோடு அனுப்பிவிடும். அதனால் தேய்க்கிறதும் ஓடுகிற தண்ணீரும்தான் முக்கியம். விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண், மோதிரத்துக்கு அடியில். வாளித் தண்ணீரில் கையை முக்கி எடுத்தால் பிரயோசனமில்லை, குழாயடியில் கழுவுங்கள், இல்லாவிட்டால் யாராவது செம்பில் ஊற்றட்டும். ஆத்தாவைத் துடைத்துவிடும்போது கையுறை போடுங்கள். கழற்றின பிறகும் கழுவுங்கள், கழற்றும்போதுதான் கையில் படும். அப்புறம் உங்கள் போன். அதைத் துடைப்பது யார்?

சானிடைசரைத் தூக்கியும் எறிந்துவிடாதீர்கள். சளி, காய்ச்சல் வைரஸுக்கும் மற்ற வார்டுக் கிருமிகளுக்கும் அது நல்ல ஆயுதம். இந்த ஒரு நோய் இருக்கிற இடத்தில் மட்டும் சோப்பு.

உப்புக்கரைசல் | புதன், இரவு 9.10

காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் காஸ்டிக் சோடா. இரண்டையும் சேரவிட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட், கடையில் ப்ளீச் என்று விற்பது. ஸ்போரின் ஓட்டைத் தாண்டிப் போய்க் கொல்லக்கூடிய சில பொருள்களில் இது மலிவானது. 5 சதவீத ப்ளீச் என்றால் பத்து லட்சம் பங்கில் 50,000 பங்கு. ஒரு டம்ளர் ப்ளீச்சுக்கு ஒன்பது டம்ளர் தண்ணீர் ஊற்றினால் 5,000 ஆகும். ஸ்போருக்கு அந்த அளவு வேண்டும். கழிப்பறை, கட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி, ஆத்தா பிடித்து நடக்கிற வாக்கர், இவ்வளவு போதும். வீடு முழுக்க ஊற்றி அலச வேண்டியதில்லை.

இதில் மூன்று இடத்தில் ஜனங்கள் கோட்டை விடுவார்கள். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து எடுத்துவிட்டு அப்புறம் ப்ளீச். இரண்டாவது, நேரம். பத்து நிமிஷம் ஈரமாக நிற்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஃபேனைப் போட்டுவிட்டுத் தரையைத் துடைத்தால் மூன்றாம் நிமிஷம் வெளுத்துக் காய்ந்திருக்கும். ஃபேனை நிறுத்துங்கள், தேவைப்பட்டால் இன்னொரு தடவை ஈரம் போடுங்கள். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறீர்கள் அல்லவா, அதைப் பாருங்கள். மூன்றாவது, கரைத்து வைத்ததை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள். வெளிச்சத்திலும் சூட்டிலும் ப்ளீச் வீரியம் இழந்துகொண்டே போகும். கடையில் வெயில்படுகிற அலமாரியில் ஆறு மாதம் நின்ற பாட்டில் என்றால், லேபிளில் இருக்கிற சதவீதம் லேபிளோடு சரி. தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள்.

ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் சாயமும் கண்ணாடி மேல் வார்த்துச் செய்வது. அதற்கு எமன் ஆசிட். ப்ளீச் அவ்வளவு மோசமில்லை, இருந்தாலும் கட்டிலுக்கு அடியில் ஒரு கல்லில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பத்து நிமிஷம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டையும் ப்ளீச்சையும் மட்டும் ஒருக்காலும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். பூட்டின கழிப்பறைக்குள் அது விளையாட்டில்லை.

தெருவோரம் கோலம் மாதிரி பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்களே, அதைப் பற்றி என் கருத்தை இங்கே எழுதினால் நெறியாளர் நீக்கிவிடுவார்.

குக்கர்விசில் | புதன், இரவு 10.25

சார் சொன்னதோடு ஒன்று. நான் ஒரு ஆஸ்பத்திரியில் கருவிகளை ஸ்டெரைல் பண்ணுகிற பிரிவில் இருக்கிறேன். துணி, பாத்திரத்தைக் கொதிக்க வைத்தால் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். கொதிநீர் 100 டிகிரி, பல ஸ்போர்கள் அதில் குளித்துவிட்டு எழுந்து வரும். ஆட்டோகிளேவ் ஏன் வேண்டுமென்றால் அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்குப் போகும், அதில் 15 நிமிஷம். பெரிய யானை மாதிரி ஒரு பிரஷர் குக்கர்தான் அது. ஷாம்பர்லாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1879இல் செய்தது.

மூட்டை மேல் ஒட்டுகிற டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால் ஸ்டெரைல் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சூடு பட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். உண்மையான பரீட்சைக்கு நாங்களே உயிருள்ள ஸ்போரை உள்ளே வைப்போம். ஜியோபேசில்லஸ் என்ற வெந்நீர் விரும்பியின் ஸ்போர், சின்னக் குப்பியில் ஊதா நிறத் திரவத்தோடு வரும். மூட்டை நடுவில் வைத்து ஓட்டிவிட்டு, குப்பியை உடைத்துச் சூட்டில் வைப்போம். ஊதா அப்படியே நின்றால் நிம்மதி. மஞ்சளாக மாறினால் உள்ளே ஒருத்தன் பிழைத்துவிட்டான், அன்றைக்கு ஓட்டின மூட்டை அத்தனையும் திரும்பி வரணும். என் சர்வீஸில் ஒரு தடவை மஞ்சள் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆத்தா துணியைத் தனியாக வெந்நீரில், சாயம் போகாத துணியாக இருந்தால் கொஞ்சம் ப்ளீச் சேர்த்து அலசி வெயிலில் போடுங்கள். வெயில் நல்லதுதான், வெயிலை மட்டும் நம்ப வேண்டாம்.

கந்தரப்பம் | வியாழன், காலை 9.00

கொதிக்க வைத்தாலும் சாகாது என்றால் பழைய சோறு?

நுண்ணோக்கி | வியாழன், காலை 11.30

வருவீர்கள் என்று தெரியும் ஆச்சி. அரிசியில் வேறொரு ஸ்போர் உண்டு, பேசில்லஸ் சீரியஸ். சோறு கொதிக்கும்போது அது சாகாது. கல்யாண வீட்டில் அண்டாச் சோறு நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக நிற்கும், அங்கே விழித்துக்கொண்டு பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தி உண்டாக்குகிற அந்த நச்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. ஃப்ரைடு ரைஸ் கடைகளில் நடக்கிற கூத்து இதுதான். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதால் சோறு சீக்கிரம் ஆறும், புளிக்கும்போது லாக்டிக் அமிலமும் சேரும், புளிப்பு அந்தக் கிருமிக்குப் பிடிக்காது. அதற்காக மூன்று நாள் பழையதற்கு நான் ஜாமீன் நிற்கமாட்டேன்.

வளவுவாசல் | வியாழன், இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. ப்ளீச் வாங்கப் போனேன். கடைக்காரர் எடுத்துக்கொடுத்த பாட்டிலில் தேதி இருந்த இடம் வெயிலில் வெளுத்திருந்தது! வேறு கடையில் இரண்டு மாதம் முன்பு தயாரித்தது கிடைத்தது.

இரண்டு சந்தேகம் பாக்கி. மருந்து முடிந்ததும் மறுபடி மலப் பரிசோதனை செய்து கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டுமா? அப்புறம் குழந்தை. பேரனைத் தூக்கலாமா என்று ஆத்தா தினமும் கேட்கிறார்கள். வந்ததும் நாக்கில் தேன் தடவணும் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிறந்தபோது சேனை வைக்கத் தன்னால் போக முடியவில்லை என்று குறை.

வார்டு அக்கா | வியாழன், இரவு 9.20

தேன் வேண்டாம்! ஒரு வயசு ஆகிறவரைக்கும் துளிகூட வேண்டாம். காரணத்தை சார் சொல்வார்.

நுண்ணோக்கி | வியாழன், இரவு 10.50

அக்கா சொன்னது சரி. தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் ஸ்போர் இருக்கும். நீங்களும் நானும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, நம் குடலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கைக்குழந்தையின் குடலில் இன்னும் குடியேற்றம் முடியவில்லை. அங்கே ஸ்போர் விழித்துக்கொண்டு நச்சை உண்டாக்கினால் தசைகள் தளர்ந்துபோகும். பால் குடிக்க முடியாது, அழுகைச் சத்தம் மெலியும், மூச்சு வரைக்கும் போகும். அரிதுதான், ஆனால் ஒரு சொட்டுத் தேனுக்காக அந்த அரிதைத் தேடிப் போக வேண்டாம். ஆத்தாவிடம் தேனைக் குறை சொல்லாமல், முதல் பிறந்தநாளுக்கு எடுத்துவைப்போம் என்று சொல்லிப் பாருங்கள்.

டிஃபிசில் விஷயத்தில் கைக்குழந்தைகள் நேர்மாறு. 1935இல் ஹால், ஓ'டூல் என்ற இருவர் இந்தக் கிருமியை முதலில் கண்டதே ஆரோக்கியமான பச்சைக்குழந்தைகளின் மலத்தில்தான். வளர்க்க அவ்வளவு சிரமப்பட்டதால் 'டிஃபிசில்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் நிறையக் கைக்குழந்தைகள் இதைச் சுமந்துகொண்டு, நோய் ஏதும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் பேரனைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். போக்கு நின்று இரண்டு நாள் ஆகட்டும், ஆத்தா குழாயடியில் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். தங்கச்சியும் டயப்பர் மாற்றினால் கை கழுவட்டும், குழந்தையிடமிருந்து ஆத்தாவுக்கு வருகிற வழியும் இருக்கிறதே.

மறு பரிசோதனை வேண்டாம். நோய் குணமான பிறகும் வாரக்கணக்கில் ஸ்போர் வெளியே வந்துகொண்டிருக்கும், பரிசோதனை பாசிட்டிவ் என்றே காட்டும், நீங்கள் வீணாகப் பயப்படுவீர்கள். போக்கு நின்றதா, சாப்பிடுகிறார்களா, அதைப் பாருங்கள். மருந்து முடிந்து இரண்டு மாதத்துக்குள் மறுபடி தண்ணீராகப் போனால் உடனே டாக்டரிடம் போங்கள். போக்கை நிறுத்துகிற மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் சளிக்கு என்று 'மூணு வேளைக்குக் குடுங்க' ரக ஆண்டிபயாடிக்கும் வேண்டவே வேண்டாம்.

பள்ளத்தூரான் | வெள்ளி, காலை 7.15

நல்ல பாக்டீரியா போய்விட்டது என்றால் திருப்பிக் குடியேற்ற முடியாதா? வயிற்றுப்போக்குக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி கொடுப்பார்களே, எண்டெரோஜெர்மினா, அது?

நுண்ணோக்கி | வெள்ளி, காலை 8.40

அந்தக் குப்பிக்குள் இருப்பதும் ஸ்போர்தான் அண்ணே! பேசில்லஸ் கிளாசி, 5 மில்லியில் 200 கோடி. குளிர்பெட்டி இல்லாமல் கடையில் நிற்பதும், வயிற்று அமிலத்தைத் தாண்டுவதும் ஸ்போராக இருப்பதால்தான். ஆனால் டிஃபிசிலை அது தடுக்கும் என்று நம்பிக் கொடுக்கிற அளவுக்குச் சான்று இல்லை.

திருப்பிக் குடியேற்றுவது வேறு வகையில் நடக்கிறது. ஆரோக்கியமானவரின் மலத்தைச் சுத்தம் செய்து நோயாளியின் குடலில் செலுத்துவார்கள். முகம் சுளிக்காதீர்கள், திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு 2013இல் நெதர்லாந்தில் செய்த ஒப்பீட்டில் அது வான்கோமைசினைத் தெளிவாக ஜெயித்தது. 2023இல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கே அனுமதி கொடுத்தார்கள். நல்லவர் மலத்தை ஆல்கஹாலில் போட்டு, சாகிறதெல்லாம் செத்த பிறகு மிஞ்சுகிற நல்ல பாக்டீரியாக்களின் ஸ்போரை எடுத்து உறைக்குள் அடைத்தது. முதல் நாள் நான் சொன்ன அதே ஆல்கஹால் வேலைதான். ஆத்தாவுக்கு இது முதல் தடவை, இப்போதைக்கு இதெல்லாம் தேவைப்படாது.

நெறியாளர் | வெள்ளி, காலை 9.05

மருந்து அளவு, மாற்று மருந்து பற்றி யாரும் எழுத வேண்டாம். மற்றபடி இழை தொடரட்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கு மெருகு போடுவது பற்றிய கேள்விகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

வளவுவாசல் | புதன், இரவு 9.30

ஆறு நாள் கழித்து வருகிறேன். போக்கு சனிக்கிழமையே நின்றுவிட்டது. மருந்து நேற்று முடிய வேண்டியது, இடையில் இரண்டு வேளை தவறியதால் டாக்டர் இன்றைக்கும் கொடுக்கச் சொன்னார். தங்கச்சி வந்துவிட்டாள். சார் சொன்ன மாதிரியே பத்து நிமிஷம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஃபேனை நிறுத்தினால் எனக்கு வேர்க்கிற வேர்வையிலேயே தரை காயாது போலிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் வைத்துப் பார்த்த கல் லேசாக மங்கியது. பச்சைப் பூ மட்டும், மஞ்சளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற இடத்தில் சீக்கிரமே நல்ல தண்ணீர் போட்டுத் துடைத்துவிட்டேன்.

உப்புக்கரைசல் | புதன், இரவு 9.50

'சீக்கிரமே' என்றால் எத்தனை நிமிஷம்?

வளவுவாசல் | புதன், இரவு 9.58

பத்துதான் சார். பதினொன்றுக்கு விடவில்லை.

ஆத்தா ஒன்று கேட்கச் சொன்னார்கள். அந்த மருந்து வேப்பெண்ணெய் மாதிரி கசக்கிறதாம். கடைசி வேளை இன்னும் கொடுக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குடித்த பிறகு ஒரு பனங்கற்கண்டு வாயில் போட்டுக்கொள்ளலாமா?

வார்டு அக்கா | புதன், இரவு 10.01

சர்க்கரை இருக்கா ஆத்தாவுக்கு? இல்லையென்றால் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். கற்கண்டை எடுத்துக் கொடுக்கிற கை கழுவின கையாக இருக்கட்டும்.